ஒரே ஒரு மிஸ்டு கால்

தணிகைவேலின் கம்பெனிக்கு எல்லாம் தயார். பெயர் இருந்தது, போர்டு இருந்தது, சரக்கும் இருந்தது. அவன் எடுக்காமல் விட்ட ஃபோன் கால் ஒன்று மட்டும் பாக்கி. அது இல்லாமல் அனுமதி கிடையாது.

சரக்கு என்பது குரல். நீங்கள் ஃபோனை எடுக்காவிட்டால், கூப்பிட்டவருக்கு உங்கள் சார்பில் ஒரு வரவேற்புக் குரல் கேட்கும். அதை ஆளுக்குத் தக்கபடி அளவெடுத்துக் கொடுப்பான். விசேஷமே பின்னணிதான். ஒண்டிக்கட்டைக்கும் பின்னால் ஒரு குடும்பம் கலகலக்கும்.

மாதிரிக்குத் தன்னுடையதையே செய்து வைத்திருந்தான். பீரோவுக்குள் உட்கார்ந்து பதிவு செய்தது. குக்கர் விசில் அவன். சிரிக்கும் குழந்தை அவன். "என்னங்க, இலை போட்டாச்சு, ஃபோனை அப்புறம் பாருங்க" என்று கூப்பிடும் பெண்ணும் அவன்தான்.

அனுமதி தரும் அலுவலகத்தின் நடைபாதை, ஆள் குறைந்தால் நீளும். அன்று தணிகைவேல் ஒருவன்தான் போயிருந்தான். காலையில் நுழைந்தவன் மேஜையை அடைந்தபோது மதியச் சாப்பாடு முடிந்திருந்தது.

அதிகாரி கோமளவல்லி மாதிரியைப் போட்டுக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வீடு நெறைய ஆளுங்க. குடுத்து வெச்சவர் சார் நீங்க."

"அனுமதி மேடம்?"

"யாராவது நிஜமாவே கூப்பிடணும். நீங்க எடுக்கக் கூடாது. அவங்க இதை முழுசாக் கேக்கணும். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம்."

"தெரிஞ்சவங்களைக் கூப்பிடச் சொல்லட்டுமா?"

"சொல்லிவெச்சுக் கூப்பிட்டா செல்லாது. சும்மா கேக்கறேன், தெரிஞ்சவங்கன்னு யார் இருக்காங்க?"

அவன் யோசித்தான். "வீட்டுக்காரர் இருக்காரு."

"என்ன பண்றாரு?"

"லிஃப்டா இருக்காரு."

"லிஃப்ட் கூப்பிட்டா மேலயும் கீழயும்தான் போகலாம்" என்றார் அதிகாரி. அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அடுத்த ஆள் யாரும் இல்லை. நடைபாதை இன்னும் கொஞ்சம் நீண்டது.

வீட்டுக்காரர் சொக்கலிங்கம் போன ஆடியில் லிஃப்ட் ஆனார். குடியிருப்பவர்கள் எல்லாரும் மூட்டுவலிக்காரர்கள். யாரும் குறை சொல்லவில்லை. அவர் மனைவி மட்டும் தினமும் ஒரு கிண்ணத்தில் தயிர்சாதத்தை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவார்.

"கால் வந்துச்சா தம்பி?" என்றது லிஃப்ட்.

"வந்துச்சு அண்ணாச்சி. லோன் வேணுமான்னு ஒரு பொண்ணு."

"எடுத்துட்டியா?"

"முதல் ரிங்லயே."

"கெடுத்த போ. ரொம்ப நேரம் பேசினியா?"

"அவங்கதான் வெச்சாங்க."

தப்பு அவனுடையது அல்ல, கையினுடையது. நாலு வருஷமாக அந்தக் கை முதல் ரிங்கிலேயே எடுத்துப் பழகிவிட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால், மேம்பாலத்துக்குக் கீழே சிக்னலில் ஆட்டோ நின்றபோது, அவன் மனைவி செண்பகா "கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அந்த சிக்னல் அன்றிலிருந்து சிவப்பிலேயே இருக்கிறது. முன்னால் நின்ற பஸ்ஸில் இருந்தவர்களுக்கு அதே முகவரியில் ரேஷன் கார்டு கொடுத்துவிட்டார்கள். தணிகைவேல் அந்தப் பக்கம் போவதில்லை. பாலத்துக்கு அடியில் டவர் கிடைக்காது. அவள் கூப்பிடும்போது லைன் கிடைக்காமல் போய்விட்டால்?

வெள்ளிக்கிழமை வந்தது. சாயங்காலமும் ஆயிற்று. தணிகைவேல் ஃபோனின் சத்தத்தை முழுதாக வைத்து, லிஃப்டுக்குள், தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

"மேல கொண்டு போங்க அண்ணாச்சி. மணி அடிச்சா நிக்காதீங்க. நான் கெஞ்சினாலும் கீழ வராதீங்க."

"யாருன்னு கூடப் பாக்க வேணாமா?"

"பாத்தா எடுத்துருவேன்."

கதவு மூடியது. கட்டடத்துக்கு மூன்று மாடிதான். லிஃப்ட் அதையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

மணி அடித்தது.

அவன் வலது கை லிஃப்ட் பொத்தானை அழுத்தியது. இடது கையால் அதைப் பிடித்து இழுத்தான். மறுபடி அடித்தது. கை திமிறியது. அதை முதுகுக்குப் பின்னால் வைத்துச் சுவரோடு சுவராகச் சாய்ந்துகொண்டான். அடித்தது, அடித்தது, நின்றது.

உயரத்தில் எங்கோ அவன் வீடு கேட்டது. குக்கர் விசில் விட்டது. குழந்தை சிரித்தது. இலை போட்டாச்சு என்றாள் ஒருத்தி. பிறகு பீப்.

"நான்தான்" என்று ஒரு குரல் கூண்டு வழியே இறங்கி வந்தது. செண்பகா. "கூப்பிடறேன்னு சொன்னேன்ல. இந்த பஸ்ஸுல ஏறி உக்காந்தேன், சிக்னலே விழல. இன்னிக்குத்தான் டவர் கிடைச்சுது."

குரல் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது.

"நீ முதல் ரிங்லயே எடுத்துருவியே, என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். பரவால்ல. வீடு நெறைய இருக்காங்க. நீ தனியாக் கெடப்பியேன்னுதான் எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. குழந்தை அப்படியே உன்ன மாதிரி சிரிக்குது. போய்ச் சாப்பிடு, இலை காயப் போகுது. இனிமே கூப்பிட மாட்டேன்."

லிஃப்ட் இறங்க வெகு நேரம் ஆயிற்று. கதவு திறந்தது.

"வந்துருச்சு தம்பி. இனி நீ முதலாளி" என்றது. "யாரு, தெரிஞ்சவங்களா?"

தணிகைவேல் உள்ளே கையை நீட்டினான். ஃபோனை எடுத்து அந்த எண்ணைத் திரும்பக் கூப்பிட்டான். மணி போனது.

பாலத்துப் பக்கம் திடீரென்று ஹார்ன் சத்தம் கிளம்பியது. நாலு வருஷத்து ஹார்ன் மொத்தமும் ஒரே சமயத்தில். யாரோ தெருவில், "பச்சை விழுந்துருச்சுப்பா" என்றார், மழை வந்துருச்சு என்பது போல.

அவன் வாசலுக்கு வந்தான். முதலில் பஸ் போனது. ஜன்னல்களில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவனைக் கடக்கும்போது உள்ளே எங்கோ ஒரு ஃபோன் அடித்தது.

அவன் காதிலும் அடித்துக்கொண்டிருந்தது. எடுக்காதவள் சார்பில் பேச அங்கே எந்தக் குரலும் இல்லை. வெறும் மணிதான்.

"எந்த மாடி தம்பி?" என்றது லிஃப்ட்.