நான்காவது விரலுறை

மாப்பிள்ளை என் கடைக்கு வருவது அதுவே முதல் தடவை. தங்கையைக் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷமாகிறது, ஒருநாள் எட்டிப் பார்த்ததில்லை. அன்று மதிய வெயிலில், துணியில் சுற்றிய தையல் பெட்டியோடு வந்து நின்றார்.

"வாங்க மாப்பிள்ளை, என்ன அதிசயம்!" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

பழைய பெட்டிகளைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. இந்தப் பெட்டிமேல் எனக்குக் கல்யாணத்தன்றே ஒரு கண். இரண்டு உள்ளங்கை அகலம், ஆமையோட்டு மூடி, அதில் முத்துச்சிப்பியில் இழைத்த கொடி. உள்ளே சிவப்பு வெல்வெட்டில் கத்தரிக்கோல், ஊசிக்கூடு, துளைபோடும் ஊசி என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் வடிவத்தில் பள்ளம். வீட்டுக்கு வரும் மருமகளுக்கு இதைக் கொடுப்பது அவர் குடும்ப வழக்கமாம். கூடவே, தைக்கும்போது நடுவிரலில் மாட்டிக்கொள்ள வெள்ளி விரலுறை ஒன்றை அவள் விரலுக்கு அளவெடுத்துச் செய்வார்களாம்.

அவர் சட்டைப்பையிலிருந்து புது விரலுறை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இது ஆடாம உக்கார்ற மாதிரி பெட்டியில இருக்கிற விரலுறைப் பள்ளத்தைச் சின்னதாக்கிக் கொடுங்க மச்சான். நானே ஒட்டிப் பார்த்தேன், சரியா வரலை. அவ பிறந்தநாளுக்குத்தான். இப்ப சொல்லிடாதீங்க."

போட்டுப் பார்த்தேன். என் சுண்டுவிரல் நகத்தோடு நின்றுவிட்டது.

"மாப்பிள்ளை, இது பொம்மைக்குச் செஞ்ச மாதிரி இருக்கே! அவளுக்கு எங்க நுழையும்?"

"இப்ப ரொம்ப இளைச்சுட்டா மச்சான்," என்று சிரித்தார். "நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்."

அவர் போன பிறகும் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இளைத்தால் சதை குறையும், எலும்புமா குறையும்?

சாயங்காலம்தான் வேலையில் உட்கார்ந்தேன். வெல்வெட்டைக் கத்தி நுனியால் கிளப்பினால், தங்கைக்காக அமைத்த பள்ளத்துக்குக் கீழே இன்னொரு பள்ளம், அதற்கும் கீழே இன்னொன்று. மேலே வர வர ஒன்றைவிட ஒன்று சின்னது. எல்லாவற்றுக்கும் அடியில்தான் மரத்தில் குடைந்த பழைய பள்ளம், அதன் வெல்வெட் தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரப் பசையால் ஒட்டியது. மேலிருந்த மூன்றுக்கும் கடையில் விற்கும் ட்யூப் பசை. நூறு வருஷப் பெட்டிக்குள் அதற்கென்ன வேலை? ஒட்டியது மாப்பிள்ளையின் கைதான். உயரம் சரிசெய்ய, ஒவ்வொன்றுக்கும் அடியில் செய்தித்தாளைக் கிழித்து வைத்திருந்தார். பழக்கதோஷத்தில் தேதியைப் பார்த்தேன். அடியில் இருந்தது பதினோரு வருஷத்துக்கு முந்தையது. நடுவில் இருந்தது ஐந்து வருஷம். மேலே இருந்தது தங்கைக்குக் கல்யாணம் நடந்த மாதம்.

தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை சொன்னது நினைவுக்கு வந்தது. கல்யாணமான இரண்டாம் வருஷம் சோர்வு என்று படுத்த சம்சாரம் எழுந்திருக்கவேயில்லை, அதிலிருந்து நான் தனிக்கட்டை என்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்து கண் கலங்கியவர் இவர். அப்படியானால் ஐந்து வருஷத்துக்கு முன்னால் யார் விரலுக்கு அளவெடுத்தார்? அவள் எங்கே? மேஜைமேல் இருக்கும் இந்த நான்காவது யாருக்கு? தங்கை இன்னும் உயிரோடுதானே இருக்கிறாள்!

போன மாதம் அவளும் "சோர்வா இருக்குண்ணே" என்றாள். "எழுந்து நாலு வேலை செய், சரியாயிடும்" என்று கிண்டலடித்தேன், பாவி. வேண்டாம் என்றவளை அதட்டி மணையில் உட்கார வைத்ததும் நான்தான். கொடுத்த வேலையைச் செய்வேன், வேறெதையும் கேட்க மாட்டேன் என்று அந்த மனுஷன் என்னைச் சரியாகத்தான் எடைபோட்டிருக்கிறார்.

போன் போட்டேன். வெகுநேரம் அடித்த பிறகு "அண்ணே" என்றாள். குரலே எழும்பவில்லை.

எனக்கு எப்போதும் அவசர புத்தி. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. படபடவென்று கொட்டிவிட்டேன்.

"அந்த ஆளுக்கு உனக்கு முன்னாடி ரெண்டு பேர் இருந்திருக்காங்கம்மா. இப்ப அடுத்தவளுக்கும் அளவெடுத்துட்டான். அவன் குடுக்கற எதையும் வாயில வைக்காதே. மாத்துத்துணிகூட வேணாம், வாசலுக்கு வந்து நில்லு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

"கேக்குதாம்மா?"

"கேக்குது மச்சான்," என்றார் மாப்பிள்ளை, நிதானமாக. "ரெண்டு பேருக்கும் கேக்குது. அவளால போனைப் பிடிக்க முடியறதில்ல, நான்தான் பிடிச்சுக்கறேன்."

போன் துண்டானது. கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டுத் தெருவில் இறங்கி ஓடினேன். ஆட்டோவை எவ்வளவு விரட்டினாலும் அவள் வீட்டுக்கு முக்கால் மணி நேரம்.