ஞானராஜின் ஒருசந்தி

குருத்தோலை ஞாயிறு பவனி செம்மண்டலம் தெருவில் திரும்பியபோதுதான் ஆரோக்கிய ராணி தன் கணவனின் கண்களைப் பார்த்தாள். காலை வெயில் நேராக முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஓலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொல்லலாம் என்று திரும்பியவள் பாடிக்கொண்டிருந்த பாட்டை அப்படியே விட்டுவிட்டாள். வெள்ளை விழி முழுக்க மஞ்சள். வீட்டு டியூப்லைட்டில் இத்தனை நாள் இது கண்ணில் படவே இல்லை.

"மாமா, கண்ணு என்னா இப்புடி இருக்கு?"

"வெயிலு," என்றான் ஞானராஜ். "நட."

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறவன் அவன். கல்யாணமான நாளிலிருந்து தவக்காலத்தை மதித்ததே கிடையாது. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்து ஆட்டுக்கறி கேட்கிற ஆள். இந்த வருடம் சாம்பல் புதனுக்குச் சற்று முன்னால்தான் சளியில் டி.பி. என்று சொல்லி மாத்திரை ஆரம்பித்தார்கள். காய்ச்சல் விட்டது, இருமலும் அடங்கியது. கர்த்தர் கண் திறந்துவிட்டார் என்று ராணி நினைத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் அவன் தட்டைத் தள்ளி வைக்க ஆரம்பித்தான். காலையில் காபி மட்டும், மத்தியானம் இரண்டு வாய், ராத்திரி ஒன்றுமில்லை.

"ஒருசந்தியா மாமா?" என்று பயந்து பயந்து கேட்டாள். அவன் தட்டைப் பார்த்தபடியே தலையாட்டினான். ஒருவேளை மட்டும் சாப்பிட்டு நோன்பிருக்க இவனா! அடுப்படியில் போய் நின்று அழுதாள். ஜெபக்கூட்டத்தில் எல்லோரிடமும் சொன்னாள். பங்குச் சாமியார்கூட அவன் தோளில் தட்டி, "மனுசன் மாறிட்டீங்க" என்றார். ஞானராஜ் கூச்சத்தோடு சிரித்தான்.

மாத்திரைப் பெட்டி அடுத்த தெரு அங்கன்வாடி கொளஞ்சியக்காவிடம் இருந்தது. திங்கள், புதன், வெள்ளி அவள் கண்ணெதிரில் விழுங்க வேண்டும். முதல் நாளே சொல்லிவிட்டாள்: ஒரு நாள் விட்டாலும் கிருமி முரடாகிவிடும், அப்புறம் எந்த மருந்துக்கும் மசியாது; சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படக் கூடாது. அதனால் பாத்ரூமில் தெரிந்த நிறத்துக்கு யாருமே பயப்படவில்லை. ஒருமுறை அங்கன்வாடி வாசலிலேயே வாந்தி எடுத்தான். "வெறும் வயித்துல போடாதன்னு சொன்னனா இல்லியா?" என்று கத்தினாள் கொளஞ்சி. ஒருசந்தி என்று ராணி சொன்னதும் அவள் குரல் இறங்கிவிட்டது. "சாமி விசயம். நா என்னாத்த சொல்றது?"

குருத்தோலை ஞாயிறன்று மத்தியானமே சிதம்பரத்துக்கு பஸ் ஏறினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் டாக்டர் முதலில் சொன்னது, மாத்திரைகளை எல்லாம் உடனே நிறுத்த வேண்டும் என்பதுதான்.

"டி.பி. மாத்திரை ஈரலைப் பாதிச்சிருக்கும்மா. இன்னும் கொஞ்ச நாள் போட்டிருந்தா உயிருக்கே ஆபத்து."

"ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாதுன்னாங்களே சார்?"

"அவுங்க சொன்னதும் சரிதான்."

"அப்ப நெஞ்சுல இருக்கற கிருமி?"

"மொதல்ல ஈரல் தேறட்டும். அப்புறம் ஒண்ணொண்ணா திருப்பிக் குடுத்துப் பாப்போம்." கண் மஞ்சளானால், குமட்டினால் உடனே வரச் சொல்லவில்லையா என்று அவர் கேட்டார். சொல்லியிருப்பார்களோ? ராணிக்கு எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. அன்றைக்குச் சொன்னதில் ஒரு நாள்கூட விடக் கூடாது என்பதும் சிவப்பும்தான் மனதில் நின்றிருந்தன.

போட்டால் ஈரல் போகும், விட்டால் நெஞ்சு போகும். இரண்டும் சரியென்றால் அவள் எதைச் செய்வது, எதற்காக ஜெபிப்பது? வார்டில் பக்கத்துக் கட்டில் அம்மாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொன்னாள். ராணி அதற்கும் தலையாட்டினாள், வேண்டாம் என்று டாக்டர் சொன்னதற்கும் தலையாட்டினாள்.

"ராணி," என்றான் ஞானராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஒருசந்தில்லாம் இல்ல. சோத்தப் பாத்தாலே கொமட்டிச்சி."

"ஏன் மாமா சொல்லல?"

"நீ அவ்ளோ சந்தோசப்பட்ட."

அவளுக்கு ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. ஒன்றும் செய்யாமல் போர்வையை இழுத்துவிட்டாள்.

பெரிய வெள்ளி வந்தது. மாத்திரை போடுகிற கிழமை. காலையிலிருந்து கொளஞ்சியக்காவின் குரல் காதிலேயே நின்றது. ராணி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் ஞானராஜ் எழுந்து உட்கார்ந்தான்.

"மீன் கொழம்பு கெடைக்குமா?"

அவள் காது கேட்டதை நம்பவில்லை. மறுபடி கேட்டான். வயிறு பசிக்கிறதாம். பசி வந்தால் ஈரல் தேறுகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எண்ணெய் ஜாஸ்தி இல்லாமல் எதுவும் கொடுக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். கர்த்தர் சிலுவையில் தொங்குகிற நாளில், ஊரே கஞ்சி குடிக்கிற நாளில், மீன் குழம்பு! ராணி முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு மெஸ்ஸைத் தேடி ஓடினாள். கோயிலுக்குப் போகிறவள் போலத்தான் வெளியே தெரிந்திருக்கும். எந்தக் கோயிலுக்கும் இவ்வளவு வேகமாக அவள் போனதில்லை.

மேலே மிதந்த எண்ணெயைக் கரண்டியால் வழித்துக் கொட்டிவிட்டு, சோற்றில் ஊற்றினாள். அவன் பிசைந்து ஒரு வாய் போட்டான். இன்னொரு வாய். இப்படி அவன் சாப்பிட்டுப் பார்த்து எத்தனை நாளாயிற்று. அவளுக்குக் கண் நிறைந்தது.

அப்போது இருமினான். அடங்கிப் போயிருந்த அதே இருமலா, இல்லை வேறா? ராணியின் கை அந்தரத்தில் நின்றது.

"காரம்," என்றான் ஞானராஜ். "ஊத்து."

அவள் ஒரு கையால் குழம்பை ஊற்றினாள். இன்னொரு கையை அவன் முதுகில் விரித்து வைத்து, உள்ளே அந்த இருமல் மறுபடி அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.