சந்தனம் பூசிய விமானம்

லண்டன் செவன் கிங்ஸில் இருக்கும் துசியந்திக்குப் புருசனின் குட்டி விமானத்தைக் கண்ணிலும் காட்டக்கூடாது. வீடுகளுக்கு வயர் இழுக்கிற மனுசனுக்கு வானத்தில் என்ன வேலை? அதை விற்கச் சொல்லி இரண்டு வருசமாக நச்சரித்தாள். கடைசியில் சுபாஸ்கரன் இறங்கி வந்தார்.

"ஒருக்கால் என்னோடை வாரும். பிடிக்காட்டி வித்துப்போடுறன்."

நம்மவர்கள் பொட்டு வைக்காத வாகனத்தில் ஏறுவார்களா? விமானத் திடலில், பறக்குமுன் விமானத்தைச் சுற்றிச் சோதித்து முடித்துச் சுபாஸ்கரன் கழிப்பறைக்குப் போன நேரம், துசியந்தி சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். மூக்கில் ஒன்று, சக்கரங்களில் மூன்று. இறக்கைகளுக்குக் கீழே சுண்டுவிரல் பருமனில் இரண்டு குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பாவம், அவற்றை மட்டும் விடுவானேன் என்று வாயிலேயே தாராளமாக அப்பினாள். பெட்ரோல் தாங்கிகள் மூச்சு விடுகிற குழாய்கள் அவை என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

இருபதாவது நிமிடம், எசெக்ஸ் வயல்களுக்கு மேலே எஞ்சின் இருமியது, விக்கியது, பிறகு அடங்கிவிட்டது.

"ஐயோ முருகா!"

"கத்தாதையும் துசி. பருந்து மாதிரி மிதக்கும், கல்லு மாதிரி விழாது."

வீட்டில் ரிமோட்டைக் காணவில்லை என்றால் தெருவையே கூட்டுகிற மனுசன், நிதானமாக மூக்கைத் தாழ்த்தினார். மற்றத் தாங்கிக்கு மாற்றினார், பம்பைப் போட்டார். ஒன்றும் சரிவரவில்லை. ரேடியோவில் 'மேடே' என்று ஆபத்துக் குரல் கொடுத்துவிட்டு, அறுவடை முடிந்த கோதுமை வயலொன்றைப் பார்த்துக்கொண்டார்.

"பெல்ட்டை இறுக்கும். கதவைக் கொஞ்சம் திறந்து விடும், இறங்கின பிறகு திறக்காமல் சிக்கினாலும் சிக்கும்."

வேலியைத் தாண்டி, குதித்து, குலுங்கி, விமானம் நின்றது. ஒரு கீறல் இல்லை. துசியந்திக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர்மேல் அவளுக்கு இப்படியொரு பெருமை வந்ததில்லை.

பிறகு வந்த மெக்கானிக் குனிந்து பார்த்து, குளவி மண் வைத்து இரண்டு குழாயையும் அடைத்திருக்கிறது, அதனால்தான் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகவில்லை என்றார். சுரண்டி மோந்து பார்த்தவர், வாசமான குளவி என்று தலையைச் சொறிந்தார்.

சுபாஸ்கரனின் முகம் தொங்கிப்போயிற்று. "பாத்தனான் எண்டுதான் நினைச்சன். இதைக் கவனிக்காதவன் பறக்கக்கூடாது துசி. வித்துப்போடுறன்."

இரண்டு வருசமாகக் கேட்டது கையில் வந்து விழுந்தது. பேசாமல் இருந்தால் போதும். துசியந்தியும் இருந்துதான் பார்த்தாள். அரை நிமிடம்கூட ஏலவில்லை.

"இஞ்சேருங்கோ, அது குளவியில்லை. நீங்கள் பாத்து முடிச்சாப்பிறகு நான்தான் சந்தனம் வைச்சனான்."

"அந்தக் குழாயிலையோ?"

"ரெண்டிலையும்."

சுபாஸ்கரன் அவளைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். வயலிலேயே குந்தியிருந்து கண்ணீர் வரச் சிரித்தார். ஒன்றும் விளங்காத மெக்கானிக்கும் சேர்ந்து சிரித்தார்.

"அடைச்சது நான், இறக்கினது நீங்கள்," என்றாள் துசியந்தி. "விக்கிற கதையை விடுங்கோ. வாற ஞாயிறு நானும் வாறன்."

"முதல் கையைக் காட்டும்" என்று அவளுடைய பத்து விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் சுபாஸ்கரன் ஓம் என்றார்.