பிரிந்துபோனோம் என்று சொன்னவள்

ஹெதர் வேலைக்குப் போகிற நாளெல்லாம் மகன் றயனை மேர்டில் அக்கா வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவாள். வீட்டில் தகப்பன் பேர்டி குத்துக்கல் மாதிரி இருக்கிறான். இருந்தும் ஒன்பது வயதுப் பொடியன் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பெரியம்மா வீட்டுக்குத்தான் போக வேண்டும். கேட்கிறவர்களிடம், பேர்டிக்கு முதுகு சரியில்லை, றயனுக்கு இழுப்பு வந்தால் தூக்கிக்கொண்டு ஓட ஏலாது என்பாள். நல்ல காரணம்தான், இப்போது இருக்கிற பனிச்சையடியில் யாரும் மறுத்துப் பேசவில்லை. ஆனால் சுனாமிக்குப் பிறகு ஒரு பொழுதுகூட அவள் றயனைத் தகப்பனோடு தனியே விட்டதில்லை என்பது பேர்டிக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதை எடுத்துப் பேசத்தான் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

சுனாமிக்கு முந்தி அவர்கள் மட்டக்களப்பு டச்பாரில் இருந்த, போர்த்துக்கேயர் ஒல்லாந்தர் வழிவந்த பறங்கிக் குடும்பம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் சேலைக்கரை அகலத்துக்கு மணல், அதன்மேல் வீடு. பேர்டிக்குத் தச்சு வேலை, இங்கிலீசு விளங்காது. ஹெதர் கன்னியாஸ்திரிமாரிடம் இங்கிலீசு படித்தவள், பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. தொண்டர் ஆசிரியை என்றால் வேறொன்றும் இல்லை, பாடம் உண்டு, சம்பளம் இல்லை. நிரந்தர நியமனம் இந்த வருடம் வரும், அடுத்த வருடம் வரும் என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், இவர்களும் நம்பிக்கொண்டே இருப்பார்கள். வீட்டுச் செலவுக்கு அவள் டவுனில் டியூஷன் கொடுத்தாள். நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாளும், வெளிநாடு போக இருந்த ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனாள். இன்றைக்குமா போக வேண்டும் என்று பேர்டி கேட்டான். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் காசு போச்சு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

திரும்பி வந்தபோது டச்பார் இல்லை. பேர்டியும் நாலு வயது றயனும் ஒரு தென்னையைப் பிடித்துத் தப்பியிருந்தார்கள். அடித்து வந்த மரம் ஒன்று பேர்டியின் முதுகை முறித்திருந்தது. பத்து வயது தானியாவைக் காணவில்லை. எத்தனையோ ஆஸ்பத்திரி வராந்தாவில் ஹெதர் பிணங்களின்மேல் கிடந்த துணியை விலக்கி விலக்கிப் பார்த்தாள். உடல்கூடக் கிடைக்கவில்லை.

அகதிகளாக ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தபோது ஒரு உதவி நிறுவனத்திலிருந்து வெள்ளைக்காரன் ஒருவன் வந்து, இங்கிலீசு தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்டான். ஹெதர் எழும்பினாள். அவள் எழும்பாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மொழிபெயர்க்கிற ஆள் தன்னை மறந்துவிட வேண்டும், சனம் ‘நான்’ என்றால் நீயும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும், ‘அவ சொல்கிறா’ என்று நடுவில் வரக் கூடாது என்று அவன் சொல்லிக்கொடுத்தான். அவளும் அப்படியே சொல்லிக்கொண்டு போனாள். வரிசையில் கடைசியாக, பாயில் கிடந்த பேர்டியின் முறை வந்தது. தானியாவுக்கு என்ன நடந்தது என்று வெள்ளைக்காரன் கேட்டான். பேர்டி முகட்டைப் பார்த்தபடி, “நான் கைய விட்டுட்டன்” என்றான்.

ஹெதருக்கு அதுவரை அது தெரியாது. ‘ஐ’ என்று வாய் திறந்தது, மிச்சம் வர மறுத்தது. பிறகு “வீ வேர் செப்பரேட்டட்” என்றாள். பிரிந்துபோனோம் என்று அர்த்தம். வெள்ளைக்காரன் தலையை ஆட்டி எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். அடுத்த வாரமே அவனுடைய நிறுவனத்தில் மொழிபெயர்க்கிற வேலை கிடைத்தது. அடேயப்பா, அந்தச் சம்பளத்தைக் கேட்டுப் பள்ளிக்கூட அதிபரே வாயைப் பிளந்தார்.

அன்றைக்கு வாயில் வந்த அந்தச் சொல் பிறகு பழக்கமாகிவிட்டது. கடலோரத்துத் தாய்மார் எத்தனையோ பேர் அதையே சொன்னார்கள். பிறகு சண்டை வாகரைப் பக்கம் வந்தது, அங்கிருந்து ஓடிவந்தவர்களும் அதையே சொன்னார்கள். கையை விட்டுட்டன், பிள்ளையின் கையை விட்டுட்டன். ஹெதர் எல்லாரையும் ‘பிரிந்துபோனோம்’ ஆக்கினாள். பாவம், அந்நியன் முன்னால் ஏன் ஒரு தாய் குற்றவாளியாக நிற்க வேண்டும் என்று நினைத்தாள். தருமம் செய்கிறேன் என்றுதான் நம்பினாள்.

ஆனால் அந்த ‘நான்’ எல்லாம் அவளைச் சும்மா விடவில்லை. மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது யாரோ ஒருத்தியின் நான் வரும், மாங்கேணியில் மணலைப் பிறாண்டித் தேடிய நான், புருசனைப் பங்கர் குழிக்குள் விட்டுவந்த நான். சாப்பிடவில்லையா என்று பேர்டி கேட்டால், “அவவுக்குப் பசிக்கல்லயாம்” என்று தன்னைப் பற்றியே சொல்லிவிடுவாள். றயன் விழுந்து விழுந்து சிரிப்பான். அவள் சிரிக்க மாட்டாள். வாவிக்கு மேலே கல்லடிப் பாலத்தில் வாகனம் ஏறினால் வலது உள்ளங்கை ஈரமாகும், யாரோ சின்ன விரல்களை நுழைத்த மாதிரி. பாலம் முடியும்வரை அவள் கையை மூடவும் மாட்டாள், துடைக்கவும் மாட்டாள்.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் சண்டை முடிந்தது. ஆனியில் இரண்டு வேலை ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தன. பழைய தொண்டர் வேலைக்காகப் பத்து வருடமாக வராத நிரந்தர நியமனம் வந்தது, கரடியனாறுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு. பென்சன் உண்டு, பின்னேரம் வீட்டுக்கு வரலாம், ஆனால் அந்தச் சம்பளத்தில் றயனின் மருந்தும் கொழும்பு கிளினிக்கும் நடக்காது. கடல் தண்ணீர் குடித்த நெஞ்சு அவனுக்கு, மாரி வந்தால் விசில் அடிக்கும். மற்றது நிறுவனத்தின் அழைப்பு. மட்டக்களப்பு வேலையை மூடிக்கொண்டு சண்டையில் தப்பிவந்த சனத்தை வைத்திருக்கிற வவுனியா முகாம்களுக்குப் போகிறார்கள், அவளும் வரலாம். சம்பளம் ஆசிரியைச் சம்பளத்தைப் போலப் பல மடங்கு. மாதத்தில் ஒரு தடவைதான் வீடு. நியமனத்தை விட்டால் இனி அது கிடைக்காது. ஊரில் யாரைக் கேட்டாலும் கவர்மென்ட் வேலையை விடாதே என்பார்கள். றயனை மாதக்கணக்கில் வைத்துப் பார்க்க மேர்டில் அக்கா ஓம் என்றுவிட்டா. பேர்டியிடம் அவள் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

வவுனியாவுக்கு ஆள் தெரிந்தெடுக்க, கொழும்பிலிருந்து தனுஷியா என்று ஒரு அதிகாரி வந்தாள். லண்டனில் பிறந்து வளர்ந்தவள், தமிழ் வராது என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஹெதரின் வேலையைப் பார்க்க அவளோடு வாகரைப் பக்கத்து மாங்கேணிக்குப் போனாள். சீதேவிப்பிள்ளை என்ற அம்மா கதிரையின் நுனியில் இருந்து பேசினா. சண்டைக்குள் வாவியைக் கடந்து வந்த கதை. கழுத்தளவு தண்ணீர், தலையில் உடுப்பு மூட்டை, பக்கத்தில் மகன்.

“ஷெல் விழக்குள்ள நான் மகன்ட கைய விட்டுட்டன் புள்ள,” என்றா.

ஹெதர் தனுஷியாவின் பக்கம் திரும்பி, வழக்கமானதைச் சொன்னாள். அம்மாவின் வாய் இன்னும் ஏதோ சொல்லத் திறந்தது, இங்கிலீசு தொடங்கியதைக் கண்டு மூடிக்கொண்டது.

திரும்பும் வழியில், வாகனத்துக்குள், தனுஷியா மெல்லக் கேட்டாள். “அக்கா, அந்த அம்மா விட்டுட்டன் எண்டுதானே சொன்னவ?”

தமிழ் வராது என்றவளுக்கு இவ்வளவு தமிழ் விளங்கியிருக்கிறது, தாய் தகப்பன் வீட்டில் பேசியது. ஹெதருக்கு முகம் எரிந்தது. ஒரே அர்த்தம்தானே என்று சமாளித்துப் பார்த்தாள். இல்லை என்றாள் தனுஷியா, கோபமில்லாமல்தான். அந்த அம்மா தன்னைப் பற்றிச் சொன்னதை நீங்கள் யாருமே செய்யாத காரியமாக மாற்றிவிட்டீர்கள் என்றாள். வவுனியாவில் இந்தப் பேச்சுகள் நாளைக்கு ஒரு காலம் சாட்சியாகத் தேவைப்படும், சொல்வதை அப்படியே சொல்ல முடியுமென்றால் வாருங்கள், முடியாதென்றால் வரவேண்டாம், நாளைக்குள் சொல்லுங்கள் என்றாள். நிறுவனக் காரியாலயத்துக்குப் போக, கல்லடிப் பாலம் வந்தது. ஹெதரின் உள்ளங்கை ஈரமானது.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாயவில்லை. றயன் மேர்டில் அக்கா வீட்டில். பேர்டி குசினி மேசையில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தான். இரண்டு வேலையையும் பற்றி அவனிடம் சொன்னாள். தனுஷியா வைத்த நிபந்தனையையும் ஒளிக்காமல் சொன்னாள். அவன் கொட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“போ ஹெதர். உன்னால ஏலும்,” என்றான். “அண்டைக்குப் பள்ளிக்கூடத்தில நான் கைய விட்டுட்டன் எண்டு சொன்னத, குரல் நடுங்காம அந்த மனுசனுக்குச் சொன்னாயே. அதோடதான் எனக்கு உசிர் வந்திச்சு. இவ என்னை மன்னிச்சிட்டா எண்டு நினைச்சன்.”

ஹெதர் நின்ற இடத்திலேயே நின்றாள். அட பாவி மனுசா, இதைத் தின்றா இவ்வளவு காலம் உயிரோடு இருந்தாய் என்று நினைத்தாள். ஓம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவன் இன்னும் இருபது வருடம் அதை வைத்துக்கொண்டு இருப்பான், அவளும் எல்லாரையும் போல இவனையும் காப்பாற்றியதாக இருக்கும்.

“நான் அதச் சொல்லல்ல, பேர்டி,” என்றாள். “பிரிஞ்சு போயிட்டம் எண்டுதான் சொன்னன். நீங்க சொன்னத என்ட வாயால சொல்ல எனக்கு ஏலாமப் போச்சு. மன்னிக்கவும் இல்ல.”

பேர்டி கத்தியை மேசையில் வைத்தான். பிறகு, அப்படியென்றால் றயனை ஒவ்வொரு நாளும் அங்கே கொண்டுபோய் விடுவது அதற்குத்தானா என்று கேட்டான். ஓம் என்றாள். அவனுக்கு ஒரு சந்தேகம் எப்போதும் இருந்ததுதான், ஆனாலும் காதால் கேட்டபோது தோள் இரண்டும் கீழே இறங்கின.

“அண்டைக்கு நான் சொல்லி முடிக்கல்ல,” என்றான். “நீ இங்கிலீசில சொன்ன உடனே அவன் வேற கேள்விக்குப் போயிட்டான்.”

“என்ன மிச்சம்?”

“ரெண்டு கையிலயும் ரெண்டு பேர். தென்னையப் பிடிக்க ஒரு கை வேணும். றயன் பால்குடி மாதிரி. தானியாக்கு நீந்தத் தெரியும், வாவியில நான்தானே பழக்கினன். கரைக்கு வந்திருவா எண்டு நினைச்சன்.” அவன் ஒரு கொட்டையை எடுத்துத் திரும்ப வைத்தான். “விடக்குள்ள, நீந்து மகள் எண்டன். ஓம் பப்பா எண்டா.”

ஹெதர் நிலத்தில் இருந்துவிட்டாள். நாலரை வருடமாகப் பிள்ளையின் கடைசிச் சொல் இந்த வீட்டுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. வேறு யாரும் அதை ஒளித்து வைக்கவில்லை, அவள்தான் குறுக்கே பேசி மூடினாள். அப்படியென்றால் மற்றவர்களுக்கும் மிச்சம் இருந்திருக்கும். சீதேவிப்பிள்ளை திறந்து மூடிய வாய் கண் முன்னால் வந்தது, அதற்குப் பின்னால் எத்தனை வாய்கள். அவள் வாய்விட்டு அழுதாள். அத்தனை பேர் அழுததைச் சொல்லிக்கொண்டே வந்தவள், தனக்காக அழுதது அன்றைக்குத்தான். பேர்டி முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து பக்கத்தில் வந்து இருந்தான். தொட்டானில்லை.

அழுது ஓய்ந்த பிறகு எழுந்து முகத்தைக் கழுவினாள். வாசலில் நின்று தனுஷியாவுக்குப் போன் எடுத்தாள். வாறன் என்றாள். சனம் சொல்வதை அப்படியே சொல்லுவேன், ஆனால் அவர்கள் சொல்லி முடிக்கும்வரை யாரும் அடுத்த கேள்விக்குப் போகக் கூடாது, அதற்கு நீங்கள் ஓம் என்றால் வாறன் என்றாள். தனுஷியா ஓம் என்றாள். நியமனம் போச்சு, பென்சன் போச்சு, ஊர் வாய்க்கு வந்தபடி சொல்லட்டும்.

உள்ளே வந்தபோது பேர்டி நிலத்தில் இருந்தபடியே கேட்டான்.

“றயன மேர்டில் அக்காட்ட விட்டுட்டா போறாய்?”

தண்ணீர், தென்னை, இரண்டு கை எல்லாம் ஹெதரின் கண்ணுக்குள் வந்து போயின.

“இல்ல. உங்களோட இரிக்கட்டும்.”

பேர்டியின் வாய் கோணியது. “எனக்குப் பயமா இரிக்கு ஹெதர்.”

“எனக்கும்தான்,” என்றாள். றயனுக்கு இழுப்பு வந்தால் பம்ப் மருந்தை எப்படி வாயில் வைத்து அடிப்பது என்று அவனுக்கு இதுவரை தெரியாது, அவள் காட்டிக்கொடுத்ததே இல்லை. அலுமாரியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்து அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள்.