பூட்டிய நகல்

எங்கள் அலுவலகத்துக்கு வரும் குடிநீர்ப் புகார் அழைப்புகள் எல்லாம் பதிவாகும். சில மாதம் மேல்மாடி சர்வரில் இருக்கும். பிறகு யாரும் சீண்டாத பழையவற்றைக் கீழ்த்தளத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே மலிவான, மந்தமான டிஸ்க்குகள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். அவற்றுக்குக் காவல் நான். ஏழு வருஷம் வைத்திருந்து அழித்துவிட வேண்டும் என்பது விதி. தண்ணீர் வரவில்லை என்று ஊரே கத்தியதைப் பத்திரப்படுத்துவதில் யாருக்கு என்ன லாபமோ, எனக்குத் தெரியாது.

அந்தக் கத்தல்களில் ஒன்று மட்டும் எனக்கு உயிர். என் வீட்டுக்காரர் மேல்மாடியில் புகார் கேட்கும் வேலையில் இருந்தார். ஒரு பிற்பகல், "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்" என்று சொல்லிவிட்டு மேசையில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மாரடைப்பு. அவர் குரல் என்று என்னிடம் மிஞ்சியது அந்த அழைப்புதான். கல்யாண வீடியோவில்கூட மனுஷன் வாயைத் திறக்கவில்லை.

கெடு முடியப்போகிறது என்று கணினி நினைவூட்டியதும் எனக்கு ஆத்திரம் வந்தது. அழிக்க இவர்கள் யார்? வழக்குக்குத் தேவையான பதிவுகளுக்குப் போடும் பூட்டை அந்த அழைப்பின் நகலுக்குப் போட்டேன். அதில் தேதியை நீட்டலாம், குறைக்க முடியாது. மேலாளர் வந்தாலும், செய்துகொடுத்த கம்பெனிக்காரன் வந்து குட்டிக்கரணம் அடித்தாலும் திறக்காது. எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளித் தேதி வைத்தேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

வாரச் சரிபார்ப்பில்தான் வில்லங்கம் ஆரம்பித்தது. என்னோடு வேலை பார்ப்பவருக்கு ஸ்வெட்டர் என்று பெயர். கோடையிலும் அதைக் கழற்ற மாட்டார்.

"அக்கா, இந்த நகல் வளர்ந்திருக்கு," என்றார்.

பூட்டிய நகலில் ஒரு புள்ளியைக்கூடச் சேர்க்க முடியாது. டிஸ்க் பழுது என்று மாற்றினோம். அடுத்த வாரமும் வளர்ந்திருந்தது. அவர் ஹெட்போனை என் பக்கம் நகர்த்திவிட்டார்.

கேட்டேன். முன்பெல்லாம் என் வீட்டுக்காரருடைய கடைசி வார்த்தைகளுக்குப் பிறகு நாற்காலி உருளும், யாரோ அலறுவார்கள், முடிந்துவிடும். இப்போது அலறல் இல்லை. கீபோர்டு தட்டும் சத்தம். அவருடைய வழக்கமான செருமல். பிறகு, சார் இருக்கீங்களா என்று கேட்டார். எனக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. பயம் வரவில்லை, அதுதான் நிஜம்.

அதற்கப்புறம் வாரா வாரம் ஓடிப்போய்க் கேட்பேன். முதலில் அவர் சிரித்துப் பேசிச் சமாளித்தார். போகப் போகக் குரல் கம்மியது. மறுமுனையில் யாரும் பதில் சொல்லவில்லை, ஒரே சீரான இரைச்சல் மட்டும்தான். ஒருநாள் ஸ்வெட்டரும் துணிந்து அந்த நகலைக் கேட்டார். ஹெட்போனைக் கழற்றினார், மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார். உள்ளே கேட்ட இரைச்சலும் வெளியே எங்கள் டிஸ்க்குகளின் இரைச்சலும் ஒன்றுதான்.

"அக்கா, அவர் பேசிட்டிருக்கிறது இந்த ரூம்கிட்ட," என்றார். மறுநாளிலிருந்து ஸ்வெட்டர் வேலைக்கு வரவில்லை.

நேற்று நான் தனியாகக் கேட்டேன். குரல் உடைந்திருந்தது.

"யாருங்க லைன்ல? பேசவும் மாட்டேங்கறீங்க, வைக்கவும் மாட்டேங்கறீங்க. ரொம்ப அசதியா இருக்குங்க. என்னை விட்டுருங்க, வீட்டுக்குப் போறேன். அவ சாப்பிடாம காத்துட்டிருப்பா."

மைக்கே இல்லாத ஹெட்போனைப் பிடித்துக்கொண்டு நான்தான், நான்தான் என்று கத்தினேன். பிறகு பூட்டைத் திறக்கத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தேன். மேலாளரின் கடவுச்சொல்லையும் கெஞ்சி வாங்கிப் போட்டேன். டிஸ்க்கை உடைக்கலாம் என்றால், அந்த அழைப்பு ஊரார் புகார்களோடு துண்டு துண்டாக எல்லா டிஸ்க்கிலும் பரவிக் கிடக்கிறது. போதாதற்கு வேறு கட்டடத்தில் இன்னொரு பிரதி. ஒவ்வொரு முறையும் திரை நான் வைத்த தேதியைத்தான் காட்டியது.

அந்தத் தேதி வரும்போது நான் உயிரோடு இருக்க மாட்டேன். அவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டில் நான் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்.