கப்பலுக்குக் காவல்

என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி யாருக்காகவும் நிற்காது என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. அதனால் கப்பல் சுற்றுலாவுக்கு வந்தும், எந்தத் துறைமுகத்திலும் என்னோடு இறங்கி ஊர் சுற்ற வரமாட்டார்.

"நீ போய்ட்டு வா. நான் கப்பல் மேல ஒரு கண்ணு வச்சிருக்கேன்" என்று கரையில் பெஞ்சைப் பிடித்துவிடுவார். சண்டை போட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அன்று எங்கள் கப்பலை ஒட்டி, அச்சாக அதே மாதிரி இன்னொன்றும் நின்றது. நான் திரும்பி வந்து ஏறியதும் எங்கள் கப்பல் கிளம்பிவிட்டது. அறையில் அவரைக் காணோம். மேல்தளத்துக்கு ஓடிப்போய் போன் போட்டேன்.

"பதறாத, நம்ம கப்பல் அப்படியே நிக்குது. பக்கத்துக் கப்பல்தான் போகுது. மேல யாரோ ஒரு அம்மா போன்ல பேசிக்கிட்டே கைய ஆட்டுது, பாவம்."

"இன்னொரு கண்ணையும் வச்சுப் பாருங்க. அது நான்தான்."