ஒரு மாடி குறைந்த புகைபோக்கி

1

விறகு அடுப்பையும் புகைபோக்கியையும் ஆள் வைத்துப் பொருத்த எவ்வளவு ஆகும், கேட்கிற கூலி நியாயம்தானா என்று மதிப்பிடுவது எப்படி? பனி கொட்டும் ஊர்க்காரர்களுக்காக யாரோ எழுதிய இந்தக் குறிப்பைப் படித்ததுதான் கதையின் பிறப்பு. ரங்கூன் என்கிற யாங்கோனில் குளிர்காய அடுப்பு வேண்டியதில்லை, சித்திரையில் சும்மா உட்கார்ந்தாலே போதும். ஆனாலும் படித்தது வீணாகக் கூடாதென்று ஒரு பெண்ணுக்கு அடுப்பு வைத்துக் கொடுக்கத் தீர்மானித்தேன்.

பெயர் ரேவதி. அந்த ஊரின் போட்டாதாங் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் இட்லிக்கடை. மின்சாரம் வருவது அதன் இஷ்டம். கேஸ் கிடைப்பது கடைக்காரரின் இஷ்டம். விறகு ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

2

முதல் வரி: ‘ரேவதியின் கண்களில் புகைபடிந்த கனவுகள்—’ (அடித்துவிட்டேன். அவள் கண்களில் இருந்தது புகை மட்டும்.)

மறுபடியும்: ‘அன்று அந்தக் கட்டடமே இரும—’ (கட்டடம் இருமாது. மூன்றாம் மாடி ஸமீராவின் கைக்குழந்தைதான் இருமியது.)

மூச்சிழுப்பு என்றார் டாக்டர். ஸமீரா கீழே வந்தாள். சண்டை போட்டிருந்தால் ரேவதி ஜெயித்திருப்பாள். ஸமீராவோ மாவுப் பாத்திரத்தின் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அழாதடி. குழா வச்சு, கூரைக்கு மேல புகைய விட்டுர்றேன். அதுவரைக்கும் அடுப்ப பத்த வைக்கல,” என்றாள் ரேவதி.

சொன்ன பிறகுதான், தன் கடையைத் தானே மூடிவிட்டது அவளுக்கு உறைத்தது. வேறு வருமானம் கிடையாது. (புருஷன் ஒருவனை வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன். கதைக்குள் அவனுக்கு வேலையில்லை. வெளியிலும் இல்லை என்றுதான் கேள்வி.)

3

இருவர் விலை சொன்னார்கள். இன்சீனில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பிரேம்நாத் நேரில் வந்தார், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார், பெரிய தொகையாகச் சொன்னார்.

“என்னண்ணே, குழாய தங்கத்துலயா செய்றீங்க?”

“குழா விலை கொஞ்சந்தான் தங்கச்சி. மத்தது மேல ஏறுற கூலி. சாரம் கட்டணும், மாடிக்கு மாடி செவுத்துல பிடி அடிக்கணும்.”

லான்மடாவில் தகரக்கடை வைத்திருக்கும் கோ ஸின் மாங் போனிலேயே விலை சொன்னார். நன்றாகக் குறைவு. நம்மாள் என்று கூப்பிட்டால் நம் தலையிலேயே மிளகாய் அரைக்கப் பார்த்தானே என்று ரேவதி பிரேம்நாத்தைப் பத்துப் பேரிடம் திட்டித் தீர்த்தாள்.

(இடம் வந்து பாராமல் சொல்லும் விலையை நம்பாதே என்று நான் படித்த குறிப்பில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதை ரேவதிக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.)

4

போனில் நடந்தது இவ்வளவுதான். கட்டடம் எத்தனை ‘தட்’ என்று பர்மியில் கேட்டார் கோ ஸின் மாங். மூன்று மாடி என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு, ‘தோன் தட்’ என்றாள் ரேவதி. தோன் என்றால் மூன்று. தட் என்றால் அடுக்கு.*

* நாம் தரையை விட்டுவிட்டு மாடியை எண்ணுகிறோம். பர்மாக்காரர்கள் தரையையும் சேர்த்து எண்ணுகிறார்கள். நம்முடைய மூன்று மாடி அவர்களுக்கு நான்கு அடுக்கு, ‘லே தட்’. ரேவதி பிறந்தது இங்கேதான். மீன்காரியிடம் பர்மியில் பிய்த்து உதறுவாள். ஆனால் எண்ணுவது மட்டும் தமிழில்.

வேலையாட்களுக்குக் கண் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. மேலே இன்னும் ஓர் அடுக்கு இருப்பதைப் பார்த்துக் கடைக்குப் போன் செய்தார்கள். பேசியது தோன் தட், கொடுத்தனுப்பியதும் அவ்வளவுதான் என்று பதில் வந்தது. குழாய் முடிந்த இடத்தில் மூடியை மாட்டிவிட்டு இறங்கினார்கள். ரேவதி கடைத்தெருவிலிருந்து திரும்பியபோது சாரத்தையும் பிரித்திருந்தார்கள்.

மூடி நின்ற இடம், ஸமீராவின் ஜன்னலுக்கு நேராக.

முந்தைய வரைவில் கோ ஸின் மாங்கை ஏமாற்றுக்காரனாக எழுதினேன். எழுத எழுத ஆள் ஒத்துழைக்கவில்லை. கேட்டதை, கேட்ட அளவுக்குச் செய்து கொடுத்தவர் அவர்.

5

இனி ஒரு மாடி உயர்த்த வேண்டுமென்றால் மறுபடி சாரம், மறுபடி ஏறும் கூலி. ரேவதியின் கையிருப்பெல்லாம் சுவரோரம் குழாயாக நிற்கிறது. முடிவுகளைப் பார்ப்போம்.

அ. பிரேம்நாத் மனமிரங்கி இலவசமாக— (அவருக்கும் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். திட்டு வாங்கியதும் அவர்தான்.)

ஆ. யாருக்கும் தெரியாமல் ரேவதி அடுப்பைப் பற்றவை— (புகையை யாருக்கும் தெரியாமலா?)

இ. இதை நான் யோசிக்கவில்லை. ‘ஆ’வை அடித்துக்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து குரல் வந்தது.

“ரேவதிக்கா! மாவு பொங்கிருச்சாம்ல? பத்த வைங்க. நான் ஜன்னல சாத்திக்கிறேன்.”

“கரண்டு இல்லியேடி. காத்தாடி ஓடாது. புள்ளையோட உள்ள வெந்துபோயிருவ!”

“இட்லி வேகுற நேரந்தானே. நீங்களும் பொழைக்கணும்ல அக்கா.”

ஜன்னல் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. ரேவதிக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து அழுகை வந்தது.

குழாய்க்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, மூடிக்கு எவ்வளவு என்றெல்லாம் குறிப்பில் இருக்கிறது. இன்னொருத்தி நமக்காகச் சாத்திக்கொள்ளும் ஜன்னலுக்கு எவ்வளவு என்று மறுபடி தேடிப் பார்த்தேன், இல்லை. எனக்கும் தெரியவில்லை, அதனால் நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன்.

வாசலில் நாலைந்து பேர் பசியோடு நிற்கிறார்கள். மேலே குழந்தை இருமுகிறது. ரேவதி தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு உங்களிடம் கேட்கிறாள்: “பத்த வைக்கவா?”